முப்பத்திரண்டு வயதில் உடைந்த குரல்

எனக்கு மூக்கு வேலை செய்யாது என்பதைக் கண்டுபிடித்தது நான் வேலை பார்த்த தொழிற்சாலைதான். தெலுக் பங்லிமா காராங்கில் மரவள்ளி மாவிலிருந்து சர்க்கரைப் பாகு எடுக்கும் இடம் அது. எட்டு வருடம் ஸ்டோரில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த என்னைத் தொட்டிப் பக்கம் மாற்றினார்கள். மாற்றிய மூன்றாவது வாரம் ஒரு தொட்டிப் பாகு முழுவதும் கெட்டுப் புளித்துவிட்டது. கேட்டில் நின்ற காவலாளிக்கே நாற்றம் தாங்கவில்லையாம். நான் அதே தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"இவ்ளோ நாறுது, ஒனக்கு ஒன்னுமே தெரிலயா?" என்றார் சூப்பர்வைசர்.

"தெரிலண்ணே."

நான் பொய் சொல்கிறேன் என்றுதான் அவர் நினைத்தார். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. மல்லிகை மணக்கிறது, மீன் நாறுகிறது என்று மற்றவர்கள் சொல்வதையெல்லாம் ஒரு பேச்சுவழக்கு என்றே முப்பத்திரண்டு வயதுவரை எண்ணியிருந்தேன். கோயிலில் சாம்பிராணி போடுவதும் புகை அழகாக இருப்பதற்காக என்று நினைத்திருந்தேன். முட்டாள்தனம்தான். ஆனால் பிறந்ததிலிருந்து இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கம்பெனியின் பேனல் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு இளம் தமிழ் டாக்டர். என் மூக்கை இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு என் முகத்தையும் கைகளையும் வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க ஷேவ் பண்றது உண்டா?"

"இல்ல டாக்டர். வளரல."

"குரல் எப்பவுமே இப்படித்தானா?"

"ஆமா. நான் கோயில்ல பாடறவன்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

என் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது உடையவே இல்லை. பன்னிரண்டு வயதில் என்ன குரலோ அதேதான் முப்பத்திரண்டிலும். நெஞ்சு மட்டும் பெரிதாகியிருந்ததால் மூச்சு நீளமாக வரும். கிள்ளானில் எங்கள் மாதா கோயிலின் பாடகர் குழுவில் நான் பெண்கள் வரிசையில் நிற்பேன். பேங்கிலிருந்து போன் வந்தால் "மேடம்" என்பார்கள், நானும் திருத்தமாட்டேன். தொழிற்சாலையில் 'வயசுக்கு வராத மாப்பிள்ளை' என்று ஒரு பெயர் இருந்தது. கேலி செய்கிறவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பதிலுரைப் பாடலை எடுக்கும்போது கோயிலே அசையாமல் நிற்கும். அது போதும் என்று இருந்தேன்.

அம்மாவுக்கு அது போதும் என்பதற்கும் மேல். அப்பா ரயில்வேயில் இருந்தவர். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் எங்களை எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பதினோரு வயதில் அவர் இறந்துபோக, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, அம்மாவும் அக்காவும் நானும் கிள்ளானில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். அங்கே எங்களை ஏன் என்று கேட்க ஒருவர் கிடையாது. அந்த வருடம் கிறிஸ்மஸ் பூசையில் நான் தனியாகப் பாடினேன். அடுத்த வாரமே வீடு தேடி ஆட்கள் வந்தார்கள். அம்மா அன்றிலிருந்து 'பாடற பையனோட அம்மா' ஆனார். வேறு பெயர் அவருக்கு அந்த ஊரில் ஒட்டவே இல்லை.

சீனி வியாதி அம்மாவின் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டது. எனக்கு முப்பது வயதானபோது அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிந்தன. அக்கா கல்யாணமாகி ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் அம்மாவும். கதவைத் திறந்து "அம்மா" என்பேன். "வந்துட்டியாடா" என்பார். அந்த ஒரு சொல்லில்தான் அவர் என்னைப் பார்த்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் நிபுணர் ஒரு மலாய்ப் பெண்மணி. இரத்தம் எடுத்தார்கள், எலும்பைப் படம் பிடித்தார்கள். எலும்பு கிழவனுடையதைப்போல் மெலிந்திருக்கிறது என்றார். பிறகு ஒரு தாளைத் திருப்பி வட்டம் போட்டு விளக்கினார். மூக்கின் நரம்பும், ஆண் உடலை எழுப்பச் சொல்லிக் கட்டளை கொடுக்கும் நரம்பணுக்களும் கருவிலேயே ஒரே வழியில் மூளைக்குப் போக வேண்டியவையாம். எனக்கு இரண்டுமே பாதி வழியில் நின்றுவிட்டன. அதனால்தான் மணமும் இல்லை, மீசையும் இல்லை.

"விரையில் ஒரு குறையும் இல்லை. அங்கே எல்லாம் தயாராக இருக்கிறது. உத்தரவுதான் வரவில்லை" என்று மலாயில் சொன்னார்.

நான் நொதிகளோடு வேலை பார்க்கிறவன். எங்கள் தொட்டியில் மாவுக் கரைசலை ஊற்றி, சூட்டையும் புளிப்பையும் சரிபார்த்து, நொதியைச் சேர்ப்போம். மாவின் நீளச் சங்கிலியை அது நறுக்கி நறுக்கிச் சர்க்கரையாக்கிவிடும். சூடு சரியில்லை என்றால் அந்த நொதி தொட்டியிலேயே சும்மா கிடக்கும். இதைச் சொன்னதும் டாக்டருக்கு ஒரே மகிழ்ச்சி. அதன்பிறகு எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒரு பாடமாகவே இருந்தது.

மூளைக்குக் கீழே சுரக்கும் ஒரு ஹார்மோன் இரத்தத்தில் இறங்கி வருகிறது. விரையில் உள்ள ஒரு வகைச் செல்லின் மேற்புறத்தில் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும், உள்ளே நுழையாது. வெளியே நின்று கதவைத் தட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. தட்டியதும் செல்லுக்குள் ஒரு சின்னத் தூது மூலக்கூறு பெருகுகிறது. அதுவரை கட்டுண்டு கிடக்கும் ஒரு நொதியின் கட்டை அது அவிழ்க்கிறது. அவிழ்ந்த நொதி வேறு சில புரதங்களின்மேல் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றையும் எழுப்புகிறது. அதற்குப் பிறகுதான், நாம் கெட்டது கெட்டது என்று திட்டுகிற கொலஸ்ட்ரால் செல்லின் உள்ளறைக்குள் இழுக்கப்பட்டு, அடுத்தடுத்த நொதிகளிடம் வெட்டுப்பட்டு, கடைசியில் ஆண் ஹார்மோனாக வெளியே வருகிறது. மீசை, எலும்பு, தசை எல்லாம் அதன் பிறகு. பக்கத்திலேயே இன்னொரு வகைச் செல் உண்டு. அதை வேறொரு ஹார்மோன் எழுப்பினால்தான் அது விந்தணுக்களுக்கு ஊட்டி வளர்க்கும்.

எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஆண் ஹார்மோனையே நேராக ஊசியில் ஏற்றிக்கொள்ளலாம். உடம்பு மாறும், ஆனால் என் செல்கள் தூங்கிக்கொண்டேதான் இருக்கும், பிள்ளைக்கு வழியில்லை. இல்லாவிட்டால் கதவைத் தட்டும் ஹார்மோன்களைப் போட்டுச் செல்களையே எழுப்பலாம். நாளாகும். வெளியிலிருந்து லோரியில் பாகு வாங்கி ஊற்றுவதா, நம் தொட்டியை ஓட விடுவதா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். என் தொட்டி ஓட வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். அந்த ஊசியில் இருப்பது கர்ப்பிணிகளின் உடலில் சுரக்கும் ஹார்மோன் என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"குரல் மாறும். அது திரும்பாது. பாடுகிறவர் என்கிறீர்கள், யோசித்துச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர்.

நான் ரொம்ப யோசிக்கவில்லை. இருபது வருடம் பெண்கள் வரிசையில் நின்றவனுக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் மனுசனாக வேண்டும். யாராவது ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அப்படித்தான் நினைத்தேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது அடுத்ததற்கு. அம்மாவிடம் குரலைப் பற்றி நான் சொல்லவில்லை. 'மூக்குக்கு ஊசி போடறாங்கம்மா' என்றேன். அவரும் "போட்டுக்கடா" என்றார்.

ஐஸ்பெட்டியில் அம்மாவின் இன்சுலினும் என் மருந்தும் ஒரே டப்பாவில் இருக்கும். காலையில் அவருக்குக் குத்திவிட்டு, எனக்கான நாளில் நானும் குத்திக்கொள்வேன். நான்காவது மாதம் உடம்பில் வெப்பம் ஏறியதுபோல் இருந்தது. மேலுதட்டில் கறுத்தது. பாசாரில் முதல் ரேசர் வாங்கியபோது கடைக்காரரிடம் எதற்கு என்று நானாகவே சொல்லிவிட்டேன். அவர் கேட்கவே இல்லை. இரத்தப் பரிசோதனையில் ஆண் ஹார்மோன் ஏறியிருந்தது. என் உடம்புக்குள் அந்த நொதிகள் எழுந்து வேலை செய்கின்றன என்று நினைத்து பஸ்ஸிலேயே அழுதேன். சந்தோஷத்தில்தான்.

குரல் ஒரு காணிக்கைப் பாடலின் நடுவில் போனது. மேலே போக வேண்டிய இடத்தில் வழுக்கி எங்கேயோ கீழே விழுந்தது. ஆர்கன் வாசிக்கும் பெண்மணி என்னை ஆண்கள் வரிசைக்கு நகர்த்திப் பார்த்தார். அங்கேயும் சுருதி நிற்கவில்லை. இரண்டு மாதத்தில் பாடகர் குழுவுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

அம்மாவுக்கு மறதி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. அடுப்பை மறப்பார், கிழமையை மறப்பார். வயதாகிவிட்டது என்று நானும் அக்காவும் தள்ளிவிட்டோம். என் குரலும் அவருடைய ஞாபகமும் ஒரே வருடத்தில் போட்டி போட்டுக்கொண்டு இறங்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மாலை வேலை முடிந்து வந்து "அம்மா" என்றேன்.

"யாரு?"

"நாந்தாம்மா."

"நாந்தான்னா யாரு?"

முதலில் இருவரும் சிரித்தோம். பிறகு தினமும் கேட்டார். பிறகு, நான் விளக்கிச் சொன்ன பிறகும் நம்பவில்லை. அவர் கையை எடுத்து என் முகத்தில் வைத்தேன். தாடி முள் குத்தியதும் சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். ஒருநாள் தொண்டையை நெரித்துக்கொண்டு பழைய குரலில் "அம்மா, பசிக்குதும்மா" என்று பேசிப் பார்த்தேன். அம்மாவின் முகம் சுருங்கியது.

"யாருங்க நீங்க? என் மவன் மாதிரி பேசிக் காட்டுறீங்க? அவன் ஒங்களுக்கு என்ன செஞ்சான்?"

ஊர் என்னைக் கேலி செய்வது அம்மாவுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. எனக்கு அன்றுதான் தெரியும்.

அக்கா வந்தபோது அவளுக்கு ஒரு யோசனை. "டேய், ஒன் பாட்டு போன்ல இருக்குல்ல லா. போட்டு விடு, ஞாபகம் வரும்."

போட்டோம். அம்மா தலை சாய்த்துக் கேட்டார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்து ஜெயித்துவிட்டதுபோல் தலையாட்டினாள். பாட்டு முடிந்ததும் அம்மா சொன்னார்: "கோயில்ல இருக்கானா? சரி சரி. பூச முடிஞ்சி வரட்டும், கூப்பிடாதீங்க." அன்று முழுவதும் வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பாட்டைப் போடவே இல்லை.

நான் யார் என்று அம்மாவே ஒரு முடிவுக்கு வந்தார். மகள் வேலைக்கு வைத்த ஆள். அந்த முடிவு வந்த பிறகு வீட்டில் சண்டை இல்லை. "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று காலையில் விசாரிப்பார். வாழ்நாள் முழுவதும் என்னை "டேய்" என்று கூப்பிட்ட வாய் "நீங்க" என்றது. அம்மா என்று நான் கூப்பிட்டால் பதற்றப்படுவதால் ஆன்டி என்று கூப்பிடப் பழகினேன். முதல் நாள் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

"ஒங்க கை நல்ல கை தம்பி. என் மவன் குத்துனா வலிக்கும்" என்பார் இன்சுலின் போடும்போது. அந்த மகனைப் பற்றி வாய் ஓயாமல் என்னிடமே புகழ்வார், குறையும் சொல்வார். சோம்பேறி, சாமான் கழுவமாட்டான், ஆனால் தங்கமான பிள்ளை.

சிகிச்சை தொடங்கி ஒன்றரை வருடம் ஆனபோது டாக்டர் இன்னொரு முடிவைச் சொன்னார். ஆண் ஹார்மோன் நன்றாக இருக்கிறது. விந்தணு இன்னும் ஒன்றுகூட இல்லை. இன்னும் பார்க்கலாம், ஆனால் பதின்ம வயதிலேயே ஆரம்பித்திருந்தால் வாய்ப்பு அதிகமாக இருந்திருக்கும் என்றார். யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை டாக்டர் என்றேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. நான் பூசைக்குப் போகாமல் அம்மாவுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். கீழே யாரோ பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் கேட்டது. அம்மா திடீரென்று பேச ஆரம்பித்தார்.

"தம்பி, ஒங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"இல்ல ஆன்டி."

"என் மவனுக்கும் இல்ல. கல்யாணமே ஆவல. அது என் தப்பு."

நான் நகவெட்டியை நிறுத்தினேன்.

"அவனுக்குப் பதினஞ்சு வயசு. காய்ச்சல்னு கிளினிக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரு அவன வெளிய ஒக்கார வச்சிட்டு என்கிட்ட சொன்னாரு. பையன் வளரல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஊசி இருக்கு, மத்த பிள்ளைங்க மாதிரி ஆயிருவான்னாரு. கொரலும் ஒடையும்னாரு. லெட்டர் குடுத்தாரு. அப்ப கிறிஸ்மஸுக்கு ரெண்டு வாரம் இருந்துச்சி. பாட்டு முடியட்டும், அப்புறம் போலாம்னு இருந்தேன். அப்புறம் ஈஸ்டர் வந்துச்சி. அப்புறம் கோயில் திருநாளு. அந்த லெட்டர கிழிச்சி சாக்கடைல போட்டுட்டேன்."

"ஏன் ஆன்டி?" என்றேன்.

"அந்தக் கொரல் போச்சின்னா எங்கள யாருக்குத் தெரியும் தம்பி? அது பாடறப்ப நான் முன்னால ஒக்காந்திருப்பேன். அவங்கப்பா போனப்புறம் எனக்கு இருந்ததே அது ஒன்னுதான்." கையைத் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நல்லவங்க, அதான் சொன்னேன். அவன்கிட்ட சொல்லிறாதீங்க."

எனக்குக் கோபம் வந்தது. சும்மா வரவில்லை, மண்டைக்கு ஏறியது. பதினேழு வருடம். என் எலும்பு, என் கேலிப்பெயர், பிறக்காமலே போகக்கூடிய என் பிள்ளைகள். அவ்வளவையும் ஒரு பாட்டுக்காகச் சாக்கடையில் போட்டிருக்கிறார். எழுந்து சத்தம் போட்டிருப்பேன். ஆனால் சத்தம் போட்டால் என்ன ஆகும்? வேலைக்கு வைத்த ஆள் வயதான அம்மாவைத் திட்டுகிறான் என்று பயப்படுவார், அவ்வளவுதான். நான் கோபப்படுவதற்கு அவருடைய மகன் அந்த வீட்டில் இல்லை.

"சொல்லமாட்டேன் ஆன்டி" என்றேன்.

மிச்ச நான்கு விரல்களுக்கும் நகம் வெட்டினேன். அதற்குப் பிறகு சில வாரங்கள் அவரோடு தேவைக்கு மேல் பேசவில்லை. சாப்பாடு கொடுத்தேன், ஊசி போட்டேன். அம்மாவுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது. "தம்பிக்கு ஒடம்பு சரியில்லயா?" என்று அக்காவிடம் கேட்டாராம். இப்போது அந்த வாரங்களை நினைத்தால் என்னையே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

காலில் வந்த புண் ஆறாமல் அம்மாவை வார்டில் சேர்த்தோம். காய்ச்சல் ஏறி இறங்கியது. இனி வீட்டுக்கு வரமாட்டார் என்று எனக்குப் புரிந்த நாளில், கொடுத்த வாக்கை உடைப்பது என்று தீர்மானித்தேன். இவர் மன்னிப்புக் கேட்க ஏங்குவது ஒருவனிடம். அந்த ஒருவன் நான்தான், கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் மகனாக நான் சொன்னால் செல்லாது. வேலைக்கு வைத்த ஆளாகவே இருந்து சொன்னால்தான் செல்லும்.

"ஆன்டி, ஒங்க மவன்கிட்ட நான் சொல்லிட்டேன். லெட்டர் விசயம்."

அம்மாவின் கை போர்வையை இறுக்கிப் பிடித்தது. "ஐயோ. ஏங்க சொன்னீங்க? என்ன சொன்னான்?"

"கோவப்படல ஆன்டி. பரவால்ல, அம்மாதானேன்னு சொன்னான்."

அதைச் சொல்லும்போது அது உண்மையாகிவிட்டது. உள்ளே இருந்த கோபம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தேன், இல்லை. அம்மாவின் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. துடைத்துவிட்டேன். பிறகு முகத்தை என் பக்கம் திருப்பி, உண்மையிலேயே புரியாமல் கேட்டார்:

"கோவமில்லன்னா, அப்புறம் ஏன் தம்பி அவன் என்னய வந்து பாக்க மாட்டேங்கிறான்?"